மூன்றாம் தடவை கேட்காத ஊர்

எங்கள் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்கும்போது பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பேசாமைக்கு அர்த்தம்: சரி, கொடுங்கள்.

கோயமுத்தூருக்குத் தெற்கே பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரம்பரை வீட்டுக்கு, அதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு, போனால் காபி வேண்டுமா என்று கேட்பார்கள். “ஐயோ, வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தனுங்க.” பொய். பொய் என்று அவர்களுக்கும் தெரியும். மறுபடி கேட்பார்கள். “இருக்கட்டுமுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” அதற்குள் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் டம்ளர் தானாக வந்து கையில் உட்காரும். முதல் ‘வேண்டாம்’ என்பதை அப்படியே நம்பி, காபி போடாமல் விட்ட ஒரு வீடு எங்கள் உறவில் உண்டு. அந்த வீட்டைப் பற்றி இன்றைக்கும் கல்யாண மண்டபங்களில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

நான் அமெரிக்கா வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் என் ஊறுகாயைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் என்னோடு உள்ளே விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. சம்பளம் என்பது அங்கே அச்சடித்த அட்டவணை. இத்தனை வருட அனுபவத்துக்கு இவ்வளவு. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, அதனால் நான் எதையும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. அப்படியே பிழைத்தேன். அந்த மருத்துவமனையே கிரீன் கார்டும் வாங்கிக் கொடுத்தது.

பிறகு கல்யாணம். அவருக்கு ஈரோட்டுப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னார்கள். அது என்ன மாதிரி வேலை என்று இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் இருவருக்குமே புரிந்தது. ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்து, மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும். பந்தல்காரர் பாத்திரம் விடுவது போல. மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மென்ட் பிடித்தோம். பழுப்புக் கம்பளம், ஜன்னலுக்கு வெளியே ஒரு குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டியின் மேல் பனி. சொர்க்கம். எட்டு மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை போன் வந்தது, ஞாயிற்றுக்கிழமை அவர் டெக்சாஸ் விமானத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை காலிங் கார்டுக்குள் நடந்தது. அட்டையின் பின்னால் இருக்கும் சாம்பல் பூச்சைக் காசால் சுரண்டி, நம்பரை அமுக்கி, “என்ன சாப்பிட்டீங்க?” “உப்புமா.” “நேத்தும் உப்புமாதானே?” “நேத்து செஞ்சதுதான் இன்னைக்கும்.” இடையில் ஒரு பெண் குரல் புகுந்து இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று சொல்லும். அந்த ஒரு நிமிடத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்போம்.

எங்கள் வார்டுக்கு அப்போது ஒரு டிராவல் நர்ஸ் வந்தாள். மருத்துவமனையில் ஆள் குறைந்தால் ஏஜென்சி அனுப்பி வைக்கும் ஆள். பதின்மூன்று வாரம் ஒரு காண்ட்ராக்ட். வீடு ஏஜென்சி கொடுக்கும், முடித்துவிட்டால் போனஸ் கொடுக்கும், பிறகு வேறு மாநிலம், வேறு மருத்துவமனை. அவள் சாப்பாட்டு மேஜையில் காலை நீட்டிக்கொண்டு இதைச் சொன்னபோது எனக்குக் கையில் இருந்த தயிர்ச்சாதம் மறந்துபோனது. எனக்கு ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பள்ளிக்கூட நாளில் பஸ் எங்கே போகிறதென்று பார்க்காமல் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பியவள் நான். இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. அவர் எந்த ஊருக்கு வாடகைக்குப் போனாலும் நானும் பின்னாலேயே போகலாம்.

ஏஜென்சியில் எனக்கு அமைந்தவள் ஒரு குரல். கடைசிவரை அவளை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக் குரல், வெல்லப்பாகு மாதிரி இழுத்து விழும். எல்லோரையும் ஹனி என்பாள். என் கணவர் அவளுக்கு “உன்ற தேனு” என்று பெயர் வைத்தார்.

டெக்சாஸ் காண்ட்ராக்ட் பற்றிப் பேச அவள் கூப்பிட்டாள். எவ்வளவு ரேட் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு மனிதரிடம் வாய்விட்டு எனக்கு இவ்வளவு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் தென்னை மரம் ஏறுகிறவர் கூட இறங்கி வந்து தலைத்துண்டை உதறிவிட்டு, “பாத்துக் குடுங்க” என்பார். பார்த்துக் கொடுப்பது கொடுப்பவரின் மானம். நானும் அதையே இங்கிலீஷில் சொன்னேன். நீங்களே பார்த்து ஒன்றைப் போடுங்கள், உங்களுக்குத் தெரியாததா.

“நிஜமாகவா ஹனி?” என்றாள். பார்த்தாள். போட்டாள்.

அடுத்து, தனி வீடு வேண்டுமா, இல்லை வேறொரு நர்ஸுடன் பகிர்ந்துகொள்ளலாமா என்றாள். நோ நோ, தனி வீடெல்லாம் எதற்கு, உங்களுக்குச் சிரமம் என்றேன். காண்ட்ராக்ட் முடித்தால் ஒரு போனஸ் சேர்க்கப் பார்க்கட்டுமா என்றாள். ஐயோ, பரவாயில்லை, இருக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாம் தடவை கேட்பாள் அல்லவா, அப்போது கொஞ்சம் தளர்ந்து கொடுக்கலாம். அவளோ, “நீ எவ்வளவு இனிமையான பெண்!” என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

இனிமையான பெண் டெக்சாஸ் போய்ச் சேர்ந்தாள். ஃபிரிஸ்கோ பக்கம் அப்போது பாதி வீடு, பாதி வயல். முந்தின நாள் சோளம் நின்ற இடத்தில் மறுநாள் மரச்சட்டங்கள் நிற்கும். எனக்கும் இன்னொரு நர்ஸுக்கும் சேர்த்து ஒரு வீடு. அவள் கண்டிப்பானவள், ஆண்கள் வரக்கூடாது என்பது அவள் சட்டம், அது புருஷனாக இருந்தாலும். அவரோ நாற்பது நிமிடத் தூரத்தில், கம்பெனி எடுத்துக் கொடுத்த வீட்டில், மூன்று பையன்களோடு ஹாலில் படுத்திருந்தார். ஒரே ஊரில் புருஷன் பெண்டாட்டி, உட்கார ஓரிடம் இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபர்னிச்சர் கடைகளுக்குப் போவோம். டெக்சாஸ் ஃபர்னிச்சர் கடை ஒரு விமானம் நிறுத்துமிடம் அளவுக்கு இருக்கும். உள்ளே சின்னச் சின்ன வரவேற்பறைகள், விளக்கு எரிந்துகொண்டு, மேஜையில் பிளாஸ்டிக் பழம் வைத்து. ஒரு சோபாவில் அரை மணி நேரம், விற்பனைக்காரர் வந்தால் எழுந்து அடுத்த வரவேற்பறை. அவர் காலைத் தூக்கி ஒரு சாய்வு நாற்காலியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சோபாவில் இருக்கும் என்னிடம், “ஏனம்மிணி, காபி போடறயா?” என்று கேட்பார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு விற்பனைக்காரி வந்து எங்களுக்குக் கல்யாணம் எப்போது என்று விசாரித்தாள்.

அப்போதுதான் அவர் கேட்டார். “ஆமா, ஏஜென்சில தனி வீடே கெடையாதா?”

“கேட்டாங்க மாமா. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்.”

“வேண்டாம்னா?”

“ஒரு தடவைதான் சொன்னேன்.”

பிளாஸ்டிக் பழத்தை எடுத்து நெற்றியில் முட்டிக்கொண்டார். “அட கெரகமே!”

என் காண்ட்ராக்ட் முடியும் முன்பே அவர் கம்பெனி அவரைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டது. மிச்ச வாரங்களை எண்ணாமல் கழித்தேன். பிறகு எனக்கும் அங்கே ஒரு காண்ட்ராக்ட் அமைந்தது. கடல் உள்ளே புகுந்த ஒரு வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு மருத்துவமனை, பகல் ஷிப்ட். இந்தத் தடவை ஒற்றைப் படுக்கையறை வீடு, தனியாக. நான் கேட்டு வாங்கவில்லை. அந்த அபார்ட்மென்ட் வளாகத்தில் இரண்டு அறை வீடு எதுவும் காலியில்லை, அவ்வளவுதான். நாற்காலி, கட்டில், விளக்கு, ஷவர் திரை வரைக்கும் வாடகைக்கு ஒரு லாரியில் வந்து இறங்கியது. அன்று மாலையே அவர் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தார். கதவைச் சாத்தினோம். எங்கள் கதவு.

அந்த வாரங்களை எப்படிச் சொல்ல? கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்ததைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. ஆகவே எல்லாமே புதிதாக இருந்தது. அவர் பல் தேய்க்கும்போது பாடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்குக் கதவுகளைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் இழுத்துப் பார்க்கும் வியாதி என்பது அவருக்கும். சனிக்கிழமைகளில் மலை ஏறி இறங்கி லிவர்மோர் கோயில். கோடையில் அந்த மலைகள் மஞ்சள், சிங்கத்தின் முதுகு மாதிரி. குளிர் மழை இரண்டு விழுந்தால் ஊட்டி மாதிரி. சாமியைக் கும்பிட்டுவிட்டு, சாமியைவிட அதிக நேரம் சாப்பாட்டு வரிசையில் நின்று, புளியோதரைத் தட்டோடு வெயிலில் உட்கார்வோம். சுற்றிலும் எல்லோரும் ஆப்ஷன், ஷேர், ஐ.பி.ஓ. என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் காதில் விழும் காற்று.

ஒரு சனிக்கிழமை கோயில் விளம்பரப் பலகையில் பார்த்து, ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு குடும்பத்திடம் பழைய வெட் கிரைண்டர் வாங்கினோம். கல் கிரைண்டர். மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, மூச்சு வாங்க, அவர் சொன்னார்: “அம்மிணி, இதுக்கு மேல நாம எங்கயும் போக முடியாது.” ஊர் ஊராகத் திரிகிறவர்கள் கிரைண்டர் வாங்க மாட்டார்கள். கடைசி நிறுத்தம் வரை போகும் பஸ்ஸிலேயே வாழ்க்கையைக் கழிக்க நினைத்த எனக்கு, முதன்முதலாக இறங்கிவிடத் தோன்றியது.

அவர் வேலையும் அடுத்த வருடம் வரைக்கும் நீண்டது. அப்படி நீண்டது அதுவே முதல் தடவை. இனி என் காண்ட்ராக்ட் மட்டும் நீள வேண்டும். நீண்டால் ஒரே வீடு. நீளாவிட்டால் நான் எங்கோ, அவர் மறுபடி யார் வீட்டு ஹாலிலோ.

பதின்மூன்று வாரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது தேன்குரல் கூப்பிட்டது. எனக்கு அன்று விடுமுறை. கையெல்லாம் தோசை மாவு.

“ஹனி, அந்த வார்டில் எல்லோருக்கும் உன்னைப் பிடித்துவிட்டது. இன்னும் பதின்மூன்று வாரம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். இருக்கிறாயா?”

இதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன். வாய் திறந்தது. வந்தது என்ன தெரியுமா? “ஓ, நோ நோ, இட்ஸ் ஓக்கே. எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம்.”

“அப்படித்தான் நினைத்தேன். உனக்கு ஊர் மாற வேண்டும், இல்லையா? உன் குரலிலேயே தெரிகிறது. ஜாலியான இடமாகப் பார்க்கிறேன்.”

வைத்துவிட்டாள். போனில் வெறும் இரைச்சல். மாவு என் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அவர் வளைகுடாப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும் வரை பொறுத்திருந்தேன்.

“எக்ஸ்டென்ஷன் கேட்டாங்க மாமா.”

“ஆஹா! எத்தனை வாரம்?”

“அதே பதிமூணு.”

“அப்ப சரி, போட்டாச்சு.” ஒரு ஷூவோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். “அம்மிணி. என்ன சொன்னே?”

நான் தோசைக்கல்லைத் துடைக்கப் போனேன்.

“வேண்டாம்னு சொல்லீட்டயா?”

“மொதல் தடவைதானே மாமா கேட்டா! இன்னொரு தடவை கேப்பா.”

“கேப்பாளா? அவ என்ன, பொள்ளாச்சியில பொறந்து வளந்தவளா?”

சரி, உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். அவரும் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். வேண்டாம் என்று சொன்ன வாயால், நாமே போன் போட்டு வேண்டும் என்பதா? ஒரம்பரை வீட்டில் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்க் காபி என்னாச்சு என்று கேட்பது போல் அல்லவா? மானம் என்று ஒன்று இருந்தது எனக்கு. அதற்கு நான் கொடுத்த வாடகை ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் டியூட்டி முடிந்து ஓடி வந்து ஆன்ஸரிங் மெஷினைப் பார்ப்பேன். சிவப்பு விளக்கு அசையாமல் நிற்கும்.

கடைசியில் ஒரு நாள் அது சிமிட்டியது. அமுக்கினேன். தேன் வழிந்தது: “ஹனி! உனக்காக டெக்சாஸில் பிரமாதமான ஒன்று பிடித்திருக்கிறேன். ரேட் கூட. தனி வீடு. முடித்தால் போனஸ், பெரிய போனஸ். உன் இப்போதைய இடத்துக்கு வேறு ஒருத்தியைப் போட்டாயிற்று, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.”

அவர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். முதல் தடவை கோபமாக, இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டு. மூன்றாம் தடவை பேசாமல் கிரைண்டரின் மூடி மேல் உட்கார்ந்துவிட்டார். “மறுபடியும் உப்புமா திங்க என்னால முடியாது அம்மிணி,” என்றார். உப்புமாவைப் பற்றிச் சொல்கிறார் என்று யார் நினைப்பார்கள்?

பிறகு எழுந்து பழக்கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். “ட்ரிங் ட்ரிங். எடு.”

“என்னதுங்க?”

“நாந்தான் உன்ற தேனு. ஹாய் ஹனீ... சொல்லு, என்ன வேணும் உனக்கு?” ஈரோட்டு வாயில் அந்த இழுவை வந்து விழுந்த அழகில் நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேன்.

“சிரிக்காத. சொல்லு. ‘நான் இங்கேயே இருக்கோணும்.’ அவ்வளவுதான். முன்னாடி ஐயோ போடாத. பின்னாடி சிரமம் போடாத.”

“நான் இங்கேயே... உங்களுக்கு முடிஞ்சா...”

“முடிஞ்சாவெ எடு.”

“நான் இங்கேயே இருக்கோணும்னு... ஒரு ஆசை...”

“ஆசை எதுக்கு? அவ என்ன உன்ற மாமியாளா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீங்க மட்டும் உங்க கம்பெனில வாயத் தொறந்து கேட்டிருக்கீங்களா? உங்க பேரைச் சொல்லி அவன் வாங்கறதுல பாதிதான் உங்களுக்குத் தாறான். ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை?”

வாழைப்பழம் கீழே இறங்கியது. தோலை உரித்தார். பாதி பிட்டு எனக்குக் கொடுத்தார். “அதனாலதான் சொல்லறேன். கேக்காதவனுக்கு என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்.” மென்றுகொண்டே, “இன்னொண்ணு. சொல்லீட்டு வாயெ மூடிக்கோணும். அவங்க பேசற வரைக்கும் பேசவே கூடாது. என்ற மேனேஜர் அப்படித்தான் என்னை மடக்கறான்.”

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் பேசாமல் இருந்தால் சம்மதம். இங்கே பேசாமல் இருந்தால் இன்னும் சம்மதமில்லை.

மறுநாள் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் மனப்பாடம் பறந்துவிட்டது. “நான் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா,” என்றேன், “அது வேண்டாம் இல்லை.”

“புரியவில்லை ஹனி.”

விளக்கினேன். காபி, பால், டம்ளர், ஒரம்பரை, மூன்றாம் தடவை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வெல்லப்பாகு கொதித்துத் தெறிக்கும் சிரிப்பு. “இரு, இரு. அப்படியென்றால் டெக்சாஸில் போனஸ் வேண்டாம் என்றாயே?”

“முதல் தடவை.”

“தனி வீடு?”

“அதுவும்.”

“கடவுளே! அதற்கெல்லாம் என்னோடு சண்டை போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். நான் உன்னைப் பற்றி ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், ஒன்றுமே வேண்டாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று.” சிரிப்பு அடங்கியது. அவள் குரலில் முதல் தடவையாக ஹனி இல்லை. “பாரு, அந்த இடம் போய்விட்டது. வருகிறவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்னொரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையிடம் நான் சொல்ல முடியாது. உன் நர்ஸ் மேனேஜர் கேட்டால்தான் உண்டு. நீதான் போய்ப் பேச வேண்டும். ஆனால் டெக்சாஸை இந்த வாரத்துக்கு மேல் என்னால் பிடித்து வைத்திருக்க முடியாது. அந்த போனஸ் சின்னத் தொகை இல்லை, தெரியும்தானே?”

தெரியும். அதை வைத்து அவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் பாதி நகை எடுக்கலாம் என்று மனசு ஏற்கெனவே கடை வரைக்கும் போய்வந்திருந்தது.

என் மேனேஜர் உயரமான வெள்ளைக்காரி, நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி. சிரிப்பதைச் செலவு என்று நினைப்பவள். அவள் அறை என்பது பொருட்கள் வைக்கும் அறையின் மீதி. மதியம் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தபோது போய்க் கதவில் நின்றேன்.

“நான் இங்கேயே இருக்க வேண்டும்,” என்றேன். அவ்வளவுதான். முன்னால் ஐயோ இல்லை, பின்னால் சிரமம் இல்லை. சொன்ன வேகத்தில் எனக்கே உடம்பு கூசியது, நிறையப் பேர் முன்னால் ஏதோ ஆடை நழுவினாற்போல.

அவள் ஆப்பிளை வைத்தாள். “உனக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று சொன்னார்களே.”

“யார்?”

“ஏஜென்சி. கேட்டதும் நோ என்றாயாமே. யோசிக்கக்கூட இல்லையாமே.” கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எதையோ தேடுவது போல மேஜையைப் பார்த்தாள். “வருகிறவர்கள் எல்லோரும் போய்விடுகிறவர்கள்தான். எனக்குப் பழக்கம். ஆனால் உன்னிடம் அப்படி எதிர்பார்க்கவில்லை.”

அடடா. ஒரு காபியை மறுத்ததில் இந்த மனுஷியின் மனம் நோகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. எங்கள் ஊரில் வேண்டாம் என்பது எதிரே இருப்பவருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதற்கு. இங்கே அதையே கொண்டுபோய் ஒருத்தியின் முகத்தில் கதவாகச் சாத்தியிருக்கிறேன். காபிக் கதையை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. “என் புருஷன் இங்கே இருக்கிறார்,” என்றேன். “நாங்கள் இப்போதுதான் ஒரே வீட்டில் இருக்கிறோம்.”

அவள் என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள்.

“பகலில் இடம் இல்லை. நைட் இருக்கிறது. வாரக்கடைசி இரண்டு நாளும் வர வேண்டும். ஏஜென்சிக்குத் தரும் தொகையை என்னால் ஏற்ற முடியாது, போனஸ் கேட்காதே, என் பட்ஜெட்டில் அப்படி ஒன்று இல்லை.”

“சனிக்கிழமை வேண்டாம்,” என்றேன்.

நிஜமாகவே வேண்டாம். சனிக்கிழமை என்பது மலை, கோயில், வெயில், தட்டு. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவளும் பேசவில்லை. வெளியே யாரோ மருந்துத் தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். ஒரு சக்கரம் கீச்சிட்டது. எங்கோ ஒரு நோயாளி மணியடித்தார், யாரோ போனார்கள், மணி நின்றது. என் நாக்கின் நுனியில் ‘பரவாயில்லை, உங்களுக்குச் சிரமமென்றால்’ என்ற சொற்கள் வரிசையாக நின்று, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. உதட்டைக் கடித்து அவற்றை உள்ளேயே நிறுத்தினேன். வாழ்க்கையில் அதைவிட நீளமான நிசப்தத்தில் நான் இருந்ததில்லை.

“ஒரு சனி விட்டு ஒரு சனி,” என்றாள்.

“சரி,” என்றேன். முதல் தடவையே.

அன்று மாலை தேன்குரலிடம் டெக்சாஸ் வேண்டாம் என்று சொன்னேன். அவள் நிறுத்தி, மெதுவாக, “ஹனி, இது எத்தனாவது நோ?” என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். “இது நிஜம்,” என்றேன். “நிஜமென்றால் சரி. நான் இன்னும் இரண்டு தடவை கேட்கத் தயாராக இருந்தேன்,” என்றாள். அந்தக் குரல் மேல் எனக்குப் பிரியம் அந்த நிமிடத்தில்தான் வந்தது. அப்புறம் பல வருடம் அவளோடு ரேட் பேசியிருக்கிறேன், ஊர்ச்செலவு பேசியிருக்கிறேன், போனஸுக்காக ஒற்றைக்காலில் நின்றிருக்கிறேன். நான் கொஞ்சம் அதிகமாகவே கேட்கப் பழகிவிட்டேன் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலியில் இடித்து, இறக்கி வைத்தார். பிறகுதான் கேட்டார். “நைட்டுக்கு ரேட் தனியா கேட்டயா?”

நைட் ஷிப்டுக்கு மணிக்கு இவ்வளவு கூட என்று ஒன்று உண்டு. கேட்கவே மறந்துவிட்டேன்.

“போச்சாது போ,” என்றார். “மொத அடி எடுத்து வெச்சதுக்கு இது போதும்.”

அப்படித்தான் அந்த அடுத்த பதின்மூன்று வாரம் வந்தது. ஒரே வீட்டில் இருப்பதற்காக அவ்வளவு பாடுபட்டு, ஒரே வீட்டில் இருந்தோம், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் திரும்பும்போது நான் கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் சம்சாரம் அடுப்பில் ஒருவருக்கொருவர் மூடி வைத்த பாத்திரங்களில் நடந்தது. அந்தக் கணக்கைப் பார்த்த யாரும் எங்களைப் பைத்தியம் என்பார்கள். டெக்சாஸில் தனி வீடும் போனஸும் விட்டுவிட்டு இதற்கா?

இதற்குத்தான். காலையில் நான் காரை நிறுத்திவிட்டு வரும்போது, கார்போர்ட் கூரையின் கீழ் அவர் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். முன் கதவு எனக்காகத் திறந்திருக்கும். ஷூவைக்கூடக் கழற்றாமல் ஏறி உட்கார்வேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியை எடுப்பார். எங்கேயும் போக மாட்டோம். அபார்ட்மென்ட் வளாகத்தைச் சுற்றி ஒரு பாதை, வேகத்தடைகளோடு. அதில் மெதுவாக ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் யாருக்கு ஜுரம் இறங்கியது, யார் வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்வேன். அவர் யார் வேலையை விட்டான், யார் புதுக் கார் வாங்கினான் என்று சொல்வார். நீச்சல் குளம், தபால் பெட்டிகள், சலவை அறை, மறுபடி நீச்சல் குளம். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. கிழக்கே மலைகளுக்கு மேல் வெயில் ஏறி, கண்ணாடி வழியாக எங்கள் மடியில் வந்து விழும்.

வளாகத்தில் இயந்திரத்தால் இலைகளை ஊதித் தள்ளும் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். முதல் சுற்றில் கை தூக்குவார். அடுத்த சுற்றில் இயந்திரத்தை அணைத்துவிட்டு எங்களையே பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கைகாட்டி நிறுத்தி, ஜன்னலில் குனிந்து, வழி தெரியவில்லையா என்று கேட்டார்.

“தெரியும்,” என்றார் என் கணவர். “வீடு இங்கதான்.” கியரைப் போட்டு, இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினார்.